டப்பாவில் இருந்த வாசம்

குன்னூரில் பெட்ஃபோர்டிலிருந்து கீழே இறங்கும் சரிவில் ஒரு ஓட்டு வீடு. சாயங்காலம் ஐந்தரை மணிவாக்கில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வாசம் அடிக்கும். எதிர்வீட்டு அம்மாளுக்கு அது சாம்பிராணி. பால் ஊற்ற வரும் பையனுக்கு டயர் எரிகிற நாற்றம். மூன்று வீடு தள்ளி இருந்த எல்.கே.ஜி. குழந்தை, "கருவாடு சுடுறாங்க" என்று அடித்துச் சொல்லும். மூவர் சொல்வதும் சரிதான் என்பார் அந்த வீட்டுக்காரர், வாயிலிருந்து பைப்பை எடுக்காமலே.

அவர் ஓய்வுபெற்ற டீ மேக்கர். இந்த வேலையின் பெயரைக் கேட்டால் கீழ்நாட்டில் டீ போடுகிறவர் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் வருங்கால மாமனாரும் அப்படி நினைத்து முகம் சுருங்கியிருக்கிறார். எஸ்டேட் ஃபேக்டரிக்குள் பச்சை இலை வந்து இறங்குவதிலிருந்து தூளாகி மூட்டையில் ஏறுவது வரை பொறுப்பு அவருடையது. வாட்டிய இலையைக் கையில் அள்ளி அழுத்திப் பிடித்து, விட்டதும் அது எவ்வளவு மெதுவாக விரிகிறது என்று பார்ப்பார். அரைத்த இலை பச்சை வாடையை விட்டு ஆப்பிள் வாசத்துக்கு வரும் நேரம் ஒன்று உண்டு. அதைக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, மூக்குதான் சொல்ல வேண்டும். அந்த மூக்குக்குத்தான் சம்பளம்.

அந்த வேலையில் பெரிய பயம் புகை. ட்ரையருக்குச் சூடான காற்று அனுப்பும் அடுப்புக் குழாயில் மயிரிழை விரிசல் விட்டால் போதும், விறகுப் புகை தூளில் ஏறிவிடும். ஏலத்துக்கு முன் ருசி பார்ப்பவர் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு 'ஸ்மோக்கி' என்று குறித்துவிட்டால் அந்த லாட்டுக்கு விலை போச்சு. முப்பத்தைந்து வருடம் தேயிலையில் புகை ஏறாமல் காவல் காத்த மனிதர், வீட்டுக்கு வந்ததும் வேண்டுமென்றே புகை ஏற்றிச் செய்த ஓர் இலையைப் பற்றவைப்பார். அவர் மனைவிக்கு இது கடைசிவரை விளங்கவில்லை.

பைப் வந்தது 1974-ல். அந்நியச் செலாவணிச் சட்டம் 1973-ல் வந்த பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகளின் பங்குகள் கைமாறத் தொடங்க, மலையில் மிச்சமிருந்த துரைமார்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவருடைய எஸ்டேட்டின் பெரிய துரை போகும்போது நாற்காலி, மேஜை, நாய் எல்லாவற்றையும் யார் யாருக்கோ கொடுத்தார். அசிஸ்டென்ட் டீ மேக்கராக இருந்த இந்த இளைஞனுக்குக் கிடைத்தது ஒரு பிரையர் பைப்பும் பாதி காலியான ஒரு டப்பாவும். "உனக்கு மூக்கு இருக்கிறது, வீணாக்காதே" என்றாராம். இன்றைக்கு யோசித்தால் அது பரிசா, வம்பா என்று தெரியவில்லை.

பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒரு புதர்ச் செடியின் வேர்முண்டு. நெருப்பு பக்கத்திலேயே கனன்றாலும் சட்டென்று கருகாத கட்டை. அதைக் குடைந்துதான் நல்ல பைப்புகளைச் செய்கிறார்கள்.

புகையிலை அவருக்குப் புதிதல்ல. அப்பா திருச்சிக்காரர், உறையூர்ச் சுருட்டு பிடிப்பவர். ஆங்கிலத்தில் 'செரூட்' என்ற சொல்லே நம்முடைய சுருட்டிலிருந்து போனதுதான். 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிப்பார். ஆனால் சுருட்டு வீட்டுப் பிள்ளைக்கும் பைப் லேசில் வசப்படவில்லை. முதல் நாள் சிகரெட் மாதிரி இழு இழு என்று இழுத்து, நாக்கு வெந்து, இரண்டு நாள் மோர்சாதம்தான் சாப்பிட்டார்.

நாக்கு ஏன் வேகிறது? இலையில் ஈரம் இருக்கிறது. வேகமாக இழுத்தால் புகையோடு நீராவியும் கொதிக்கக் கொதிக்க நாக்கின் மேல் வந்து விழும். அதனால் பைப் பிடிப்பதில் முதல் பாடம் இழுப்பதல்ல, அடைப்பது. கிண்ணத்தில் இலையை மூன்று தடவையாகப் போட வேண்டும். முதல் தடவை குழந்தை கையால் அமுக்குவது போல, இரண்டாவது பெண் கையால், மூன்றாவது ஆண் கையால் என்று பைப்காரர்கள் ஊரெல்லாம் ஒரே வாய்பாடு வைத்திருக்கிறார்கள். (அவர் வீட்டில் மாவு பிசைந்த கையைப் பார்த்தவர்கள் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.) முதல் தீக்குச்சிக்கு மேல் இலை சுருண்டு எழும்பும். அதை மெதுவாகத் தட்டி அமுக்கிவிட்டு இரண்டாவது குச்சி. அதற்கப்புறம் மூச்சுவிடும் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அணைந்தால் குற்றமில்லை, மறுபடி பற்றவைக்கலாம். ஒரு கிண்ணம் முக்கால் மணி நேரம் வரும்.

துரை விட்டுப் போன டப்பா 'ஆங்கிலக் கலவை' என்று சொல்லப்படும் வகை. சென்ட் போட்டு மணக்கவைக்காமல், இலையின் சொந்தக் குணத்தைக் கொண்டே கூட்டுவது. டப்பாவில் விகிதம் எழுதியிருக்காது. டீ மேக்கர் அதை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி, தூள் தரம் பிரிப்பது போல நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தார். பொன் நிறம், பழுப்பு, கன்னங்கரேல், நடுநடுவே எண்ணெய்ப் பசையோடு சில துணுக்குகள். ஒவ்வொன்றையும் தனியாகக் கசக்கி முகர்ந்தார். இலைகளின் பெயர்களும் ஊர்களும் பின்னால்தான் தெரிய வந்தன. அவற்றைத் தன் பாஷையில் அவர் விளக்குவதைக் கேட்கவே சிலர் அந்த வராந்தாவுக்கு வருவார்கள்.

பொன் நிறம் வர்ஜீனியா. பெயர் அமெரிக்காவுடையது என்றாலும் ஆந்திராவிலும் கர்நாடகாவிலும் விளைகிறது. ராஜமுந்திரியில் அதற்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மூடிய கொட்டகையில் இலையைத் தொங்கவிட்டு, குழாய் வழியே வெப்பத்தை மட்டும் அனுப்பிக் காயவைப்பார்கள், புகை படாது. சீக்கிரம் காய்ந்துவிடுவதால் இலையின் சர்க்கரை உள்ளேயே தங்கிவிடும். முகர்ந்தால் அறுவடை முடிந்த வைக்கோல் போர். பிடித்தால் லேசான தித்திப்பு, அதன் பின்னால் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போல ஒரு சுருக். டப்பாவைத் திறக்காமல் சில வருடம் வைத்தால் வைக்கோல் மறைந்து உலர்திராட்சை வந்துவிடும். ஆனால் நாக்கைக் கடிப்பதும் பெரும்பாலும் இதுதான்.

பழுப்பு, கிழக்கத்திய இலை. கிரேக்கத்திலும் துருக்கியிலும் வறண்ட மண்ணில் விளையும் சின்ன இலை, வெயிலில் காய்வது. அதன் ருசியைத் தனியாகச் சொல்லச் சொன்னால் அவர் திணறுவார். "ரசத்துல பெருங்காயம் எங்க இருக்குன்னு காட்டச் சொன்னா காட்ட முடியுமா? போடாம வெச்சா மட்டும் தெரியும்ல, அது மாதிரி" என்பார்.

கன்னங்கரேல்தான் கதாநாயகன். லட்டாக்கியா. சிரியாவின் துறைமுக ஊர் பெயர்தான் இலைக்கும். வீட்டுக் கூரையில் தொங்கவிட்டு மறந்துபோன இலையில் அடுப்புப் புகை ஏறி, அதைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போனது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, செய்முறை அதுதான். வெயிலில் காய்ந்த இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு, அடியில் வாசமுள்ள மரங்களையும் செடிகளையும் மூட்டமாகப் புகைய விடுவார்கள். வாரக்கணக்கில் புகை குடித்துக் குடித்து இலை கறுத்துவிடும். சிரியாவில் இது அருகிப்போய், சந்தைக்கு வருவது பெரும்பாலும் சைப்ரஸ் தீவுச் சரக்கு. நம் ஊரில் பால் குடம் உறியில் தொங்கிய காலத்தில் பாலில் ஒரு புகை வாசம் இருக்குமே, அதன் நூறு மடங்கு. தோல் செருப்பு, கற்பூரப் பெட்டி, மழையில் நனைந்து மறுபடி மூட்டிய கணப்பு, இவ்வளவும் அதில் உண்டு. ஆச்சரியம் என்னவென்றால், பார்க்க இவ்வளவு முரட்டு இலை நாக்குக்குச் சாது. வர்ஜீனியாவின் சூட்டைத் தணித்துக்கொடுப்பது இதுதான். மொந்தையாக, குளிர்ச்சியாக ஒரு புகை வரும்.

எண்ணெய்ப் பசைத் துணுக்குகள் பெரீக். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியோடு சேர்த்தே பேசப்படும் இலை. விஸ்கி வைத்திருந்த மரப்பீப்பாயில் இலையைத் திணித்து, திருகு அழுத்தியால் நெருக்கி, அதன் சாற்றிலேயே ஊறவைப்பார்கள். நடுநடுவே எடுத்துக் காற்றாடவிட்டு மறுபடி அழுத்துவார்கள். ஊறி எழ ஒரு வருடம் ஆகும். நம் ஆவக்காய் ஜாடியைப் போலத்தான். திறந்தால் புளித்த பழ வாசமும் மிளகுக் காரமும் வரும். கலவையில் ஒரு சிட்டிகைக்கு மேல் போட்டால் தும்மல்தான்.

இந்த நாலும் ஒரு கிண்ணத்தில் சேர்ந்து எரியும்போது ருசி ஒரே சீராக இருக்காது. மேல் பங்கில் வைக்கோலும் தித்திப்பும் முன்னால் நிற்கும். நடுப் பங்கில் லட்டாக்கியா இறங்கி வந்து எல்லாவற்றையும் மூடும். அதுதான் அவர் பேச்சை நிறுத்தும் இடம். விருந்தாளி இருந்தாலும் கொஞ்ச நேரம் பதில் வராது. கடைசிப் பங்கில் ஈரம் அடியில் தேங்கி, களகளவென்று சத்தம் வரும், கசப்பு ஏறும். அந்த அடித்துணுக்கை எரிக்கக் கூடாது, தட்டிக் கொட்டிவிட வேண்டும். கஞ்சத்தனத்தில் அதையும் பிடிக்கப் பார்த்த ஒரு நண்பரை அவர் பல வருடம் கேலி செய்திருக்கிறார்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பைப் பிடிப்பவருக்குக் கிடைக்கும் ருசியும் பக்கத்தில் இருப்பவர் மூக்குக்குக் கிடைக்கும் வாசமும் ஒன்றல்ல. வாயில் இருக்கும் புகை தொண்டைக்குப் பின்புறமாக மூக்குக்கு ஏறுவதைத்தான் பிடிப்பவர் ருசி என்கிறார். ஜலதோஷத்தில் மூக்கடைத்தால் ரசம் வெறும் உப்பும் புளிப்புமாகிவிடுவது இதனால்தான். பக்கத்தில் இருப்பவருக்கோ கிண்ணத்திலிருந்து எழுந்து அறையில் ஆறிப்போன புகைதான் வருகிறது. அவருக்குக் கற்பூரப் பெட்டி என்றால் வீட்டுக்கு எரிந்த டயர்.

அந்த டயரோடு குடும்பம் நடத்தியவர் அவர் மனைவி. 1976-ல் கல்யாணமாகி மலையேறி வந்தவர். திரைச்சீலையில், ஸ்வெட்டரில், தலையணை உறையில் எல்லாம் அந்த வாசம். குன்னூர்க் குளிரில் ஜன்னலைத் திறந்துவைக்கவும் முடியாது. தங்கை வீட்டு விசேஷத்துக்குக் காரைக்குடி போனபோது, "என்னக்கா, பட்டுச் சேலையில அடுப்படி வாசம் அடிக்குது?" என்று நாலு பேர் நடுவில் கேட்டுவிட்டாள் தங்கை. ஊருக்குத் திரும்பியதும் அதை அவரிடம் சொன்னார். சண்டையாகச் சொல்லவில்லை, சொன்னார், அவ்வளவுதான்.

டீ மேக்கருக்குச் சுருக்கென்றது. கிளப் நண்பர் ஒருவர் மூலம் வெனிலா வாசனை ஏற்றிய புகையிலை வரவழைத்தார். இந்த வகைக்குப் பொதுவாக பர்லி என்ற இலையையும், ஆவியில் வேகவைத்து அழுத்திக் கறுப்பாக்கிய கேவண்டிஷையும் எடுத்து, இனிப்பும் எசன்ஸும் குடிக்க வைப்பார்கள். பற்றவைத்த முதல் நாளே வீடு கேக் வேகிற வீடாகிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் விசாரித்தார். பிள்ளைகள் கேட்டில் வந்து நின்றார்கள். ஊருக்கே பிடித்திருந்தது.

பிடிக்காதது அவருக்கு மட்டும்தான். இனிப்புப் பாகில் ஊறிய இலை ஈரமாகவே இருந்தது. அணைந்து அணைந்து போனது. இழுத்தால் வெந்நீர் ஆவி. வெனிலா எல்லாம் அறைக்குப் போய்விட, வாயில் நின்றது கொதிப்பும் ஒட்டலும்தான். நாக்கு மறுபடி வெந்தது. சொன்னால் மனைவி வருத்தப்படுவாரே என்று மூன்று வாரம் பொறுத்தார். நாலாவது வாரம் ஒருநாள் சாயங்காலம் காபியை வைத்துவிட்டு அந்த அம்மாளே ஆரம்பித்தார்.

"ஏங்க, இது பேக்கரிக்குள்ள குடியிருக்க மாதிரி இருக்கு. எந்நேரமும் பசிக்குது, ஆனா ஒண்ணும் வர மாட்டேங்குது. அந்தப் பழைய கருமத்தையே பிடிங்க."

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து பழைய டப்பாவை எடுத்து வந்தார். அந்த ஆங்கிலக் கலவை அதற்கப்புறம் மாறவே இல்லை. பின்னாளில் மகன் கப்பல் வேலைக்குப் போனதும், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஐம்பது கிராம் டப்பா நாலைந்து கொண்டுவருவான். அவனே சிகரெட்டைத் தொடாதவன். அப்பாவுக்குப் புகையிலை வாங்கித் தருவது பற்றி அவனுக்குள் என்ன இருந்தது என்பது பிறகு ஒரு சந்தர்ப்பத்தில் வெளியே வந்தது.

கேட்பவர்களுக்கு அவர் தயாராக ஒரு கதை வைத்திருப்பார். தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் தீராத பைப் பிரியர். 1948-ல் நார்வேயில் அவர் போன விமானம் கடலில் விழுந்தது. புகைப்பவர்களுக்கான பகுதியில் உட்கார்ந்திருந்ததால் பிழைத்தார். புகைக்காதவர்கள் உட்கார்ந்திருந்த பகுதியில் 19 பேர் இறந்துபோனார்கள். ரஸ்ஸல் 97 வயது வரை வாழ்ந்தார். கதை அத்தனையும் நிஜம். மனைவி உள்ளேயிருந்து, "சரி, ஏரோப்ளேன்ல போறப்பப் பிடிங்க. இது குன்னூர்" என்பார்.

2019-ல் கீழ்வரிசையில் இரண்டு பற்கள் ஆடின. நாற்பத்தைந்து வருடம் பைப் தண்டைக் கவ்விய பக்கம். கட்டுப்பல்லுக்கு அளவெடுக்கப் போனவரின் வாயில் விளக்கடித்துப் பார்த்த பல் டாக்டர், அளவெடுக்கும் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், மேலண்ணம் வெளுத்து, நடுவுல சிவப்புப் புள்ளி புள்ளியா இருக்கு. பைப் பிடிக்கறீங்களா?"

அது சூட்டினால் வருவது, பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகிவிடும் என்றார். அவரைக் கவலைப்படுத்தியது வேறு. நாக்கின் இடது ஓரத்தில், சுரண்டினாலும் போகாத ஒரு வெள்ளைத் திட்டு. வலி இல்லை, எரிச்சல் இல்லை. ரூபாய் நாணயத்தில் பாதி. கோயம்புத்தூருக்குப் போய்ச் சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார்.

கோயம்புத்தூரில் டீ மேக்கர் வாதாடிப் பார்த்தார். "டாக்டர், நான் புகையை நெஞ்சுக்கு இறக்கறதே இல்லையே. வாயோட சரி."

"அதனாலதான் சார் வாயில வந்திருக்கு" என்றார் அந்த இளம் டாக்டர். பைப்புக்குப் போகும் பல இலைகளின் புகை காரத்தன்மை உடையது. சிகரெட் புகை நுரையீரலுக்குப் போனால்தான் நிகோட்டின் நன்றாக ஏறும். இதற்கு வாயின் உட்தோலே போதும். உள்ளே இழுக்கவில்லை என்பதால் மற்றவை சும்மா விட்டுவிடாது. உதடு, நாக்கு, தொண்டை எல்லாவற்றுக்கும் ஆபத்து உண்டு, நுரையீரலுக்கும்தான். களிமண் பைப் பிடிப்பவர்களுக்கு உதட்டில் புற்று வருவதை 1795-லேயே ஒரு ஜெர்மன் மருத்துவர் குறித்துவைத்திருக்கிறார். பிறகு டாக்டர் அந்த அம்மாள் பக்கம் திரும்பி, "நீங்களும் கூடவே உட்கார்ந்திருப்பீங்களாம்மா? இருமல் ஏதும் உண்டா?" என்று கேட்டார். டீ மேக்கருக்கு அதுவரை தோன்றாத கேள்வி அது.

ரிப்போர்ட் வரப் பத்து நாள் என்றார்கள். அந்தப் பத்து நாளில் வீட்டில் நடந்தவை அதிகம் இல்லை. ஃபோனில் மகன் முதல் தடவையாக அழுதான். "நானே வாங்கிட்டு வந்து குடுத்தேனேப்பா" என்றான். இவர் "லூசு மாதிரிப் பேசாத" என்று வைத்துவிட்டார். பைப் மேஜை மேலேயே இருந்தது.

ஒன்பதாம் நாள் ராத்திரி பத்து மணிக்கு அவர் வராந்தாவில் போய் உட்கார்ந்து பற்றவைத்தார். இதை யாரும் நியாயப்படுத்த முடியாது, அவரும் செய்ததில்லை. எல்லாம் முறைப்படி செய்தார், மூன்று அடைப்பு, இரண்டு குச்சி. ஆனால் ஒன்றும் தெரியவில்லை. வைக்கோலும் இல்லை, கற்பூரமும் இல்லை. சதை எடுத்த இடம் மட்டும் விண்ணென்று தெறித்தது. மனைவி எழுந்து வந்து வாசலில் நின்றது தெரிந்தது. திட்டுவார் என்று காத்திருந்தார். அவர் உள்ளே போய் சால்வையை எடுத்து வந்து, நாற்காலியின் கை மேல் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். நடுப் பங்கு வருவதற்கு முன்பே இவர் கிண்ணத்தைத் தட்டிக் கொட்டிவிட்டார்.

புற்றுநோய் இல்லை என்று வந்தது ரிப்போர்ட். ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன, ஆரம்ப நிலை. திட்டை அகற்றினார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். புகையிலை எந்த உருவத்திலும் கூடாது.

ஒன்பதாம் நாள் ராத்திரிதான் கடைசி. மனஉறுதி என்று நண்பர்கள் பாராட்டியபோது அவருக்கு எரிச்சல்தான் வந்தது. நிகோட்டின் ஏக்கம் சில வாரம் படுத்தியது. அதைவிட நீண்ட நாள் படுத்தியது கைகள். ஐந்தரை மணிக்குக் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பீட்டர் பான் எழுதிய ஜே.எம்.பேரி 1890-ல் புகையிலையைப் பற்றியே ஒரு வேடிக்கைப் புத்தகம் போட்டார். அதில் கல்யாணத்துக்காகப் புகையை விட்டவன், ராத்திரியில் காலி பைப்பை வாயில் வைத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் புகைக்கும் மனிதனின் அரவத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். டீ மேக்கரும் காலி பைப்பை ஒரு வாரம் கவ்விப் பார்த்தார். பிறகு அதைத் துடைத்து மகனிடம் கொடுத்துவிட்டார். துரை கொடுத்த பொருள், தூக்கிப்போட மனம் வரவில்லை.

இரண்டு மாதத்தில் மேலண்ணம் பழைய நிறத்துக்கு வந்தது. கூடவே ஒரு தகராறும் வந்தது. சாம்பாரில் உப்பு அதிகம் என்றார் ஒருநாள். மறுநாள் பொரியலில். மூன்றாம் நாள் ரசத்தை ஒதுக்கிவைத்தார்.

"எப்பவும் போடறதுதாங்க போட்டேன்" என்றார் மனைவி. பிறகு தானே ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் விட்டுப் பார்த்து, கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அவருக்கே உறைப்பாகத்தான் இருந்தது. கல்யாணமான புதிதில் போட்ட உப்பு எவ்வளவு, எப்போது எவ்வளவு கூட்டினார் என்று நினைவில்லை. அவர் 'சப்' என்று சொல்லும்போதெல்லாம் ஒரு கல் கூட்டிக்கூட்டி, நாற்பது வருடத்தில் வீடே அந்த நாக்குக்குத் தகுந்தபடி சாப்பிடப் பழகியிருந்தது. அன்றிலிருந்து உப்பைக் குறைக்கத் தொடங்கினார்கள். இருவருக்கும் ரத்தக் கொதிப்பு மாத்திரை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அலமாரியில் திறக்காத டப்பாக்கள் நாலு மிச்சம். கிளப் நண்பர் கேட்டு அனுப்பினார். விலையைப் பார்த்தால் கொடுத்திருக்கலாம். டீ மேக்கர் இரண்டு நாள் யோசித்துவிட்டு மாட்டேன் என்றார். ரோஜாச் செடியில் அசுவினி பிடித்திருந்தது. நம் ஊரில் அதற்குப் புகையிலைக் கஷாயம் பழைய வைத்தியம். நாலு டப்பாவையும் உடைத்து வாளித் தண்ணீரில் ஊறவைத்தார்கள். ஐந்தாறு வருடம் டப்பாவில் கிடந்து உலர்திராட்சை வாசத்துக்கு வந்திருந்த வர்ஜீனியாவும், சைப்ரஸ் புகையும், லூசியானா பீப்பாயும் சோப்புத் தண்ணீரோடு சேர்ந்து கலங்கின. திறக்கும்போது அவர் ஒவ்வொன்றையும் ஒரு தடவை முகர்ந்தார். புகைப்பதை விட்ட பிறகு மூக்கு இன்னும் கூர்மையாகியிருந்தது. மூன்றாவது டப்பாவில் பெரீக் கொஞ்சம் தூக்கல் என்றார். அசுவினி போய்விட்டது.

காலி டப்பாக்களில் மூன்று பழைய பேப்பர்காரருக்குப் போயின. ஒன்றைக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஊசி நூல் போட்டு வைத்துக்கொண்டார் அந்த அம்மாள். எத்தனை தடவை கழுவியும் லட்டாக்கியா வாசம் தகரத்தை விட்டுப் போகவில்லை. நூல்கண்டு எல்லாம் அதைக் குடித்திருந்தது.

போன தையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அவர் சட்டையில் பொத்தான் தெறித்துவிட்டது. சட்டையைக் கழற்றச் சொல்ல நேரமில்லை. நின்றபடியே தைத்தார். கத்தரிக்கோல் கைக்கு எட்டவில்லை. குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அறுத்தவர் நிமிர்ந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு நாக்கை உதட்டில் தேய்த்தார்.

"சீ... இதைத்தானா இத்தனை வருஷம்?" என்றார்.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் அவர்.

"கசக்குது."

"வெளியில கார் வந்தாச்சு, வா."